பூட்டிக் கிடக்கும் வீட்டை லாட்ஜ் ஆக்கலாமா? லைசென்ஸ் யாரிடம் வாங்குவது?

செங்கம்ரோடு

எல்லோருக்கும் வணக்கம். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. தரைத்தளம், மேலே 2 மாடி. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அம்மா என்னோடு சென்னையில் இருக்கிறார். வீடு பூட்டியே கிடக்கிறது.

மொத்தம் 6 அறை, 4 கழிவறை. பௌர்ணமி வந்தால் கேட்டைத் தட்டி "ரூம் இருக்கா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார். போன வாரம் ஒரு ஆன்லைன் புக்கிங் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். "நாளைக்கே லிஸ்டிங் போட்டுவிடலாம் சார், லைசென்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அந்த "அப்புறம்"தான் என்னை உறுத்துகிறது.

யாரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும்? மாநகராட்சியா, தாசில்தாரா, போலீஸா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி

22 வருடமாக லாட்ஜ் மேனேஜர் வேலை. மூன்று ஊர், நான்கு முதலாளி. அதனால் நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தம்பி, "லாட்ஜ் லைசென்ஸ்" என்று ஒரு காகிதம் கிடையாது. எந்த முதலாளியிடம் கேட்டாலும் ஒரு ஃபைலைத்தான் எடுத்து வைப்பார். அதில் முதல் காகிதம் கட்டட வரைபட அனுமதி. அது "குடியிருப்பு" என்று வாங்கியதா, "வணிகம்" என்று வாங்கியதா என்பதில்தான் பாதி கதை முடிந்துவிடும். அடுத்தது தாசில்தார் தருகிற பொதுக் கட்டட உரிமம். 1965 சட்டப்படி. பேச்சுவாக்கில் டி ஃபாரம் என்போம். அதற்குக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொறியாளர் சான்று வேண்டும். அதன்பிறகு தீயணைப்புத் துறை. அப்புறம் மாநகராட்சியின் தொழில் உரிமம். நாங்கள் இன்னும் டி அண்ட் ஓ என்றுதான் சொல்கிறோம், சட்டம் மாறினாலும் வாய் மாறவில்லை. சுகாதாரச் சான்று, காலை டிபன் போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, ஜிஎஸ்டி, வெளிநாட்டுக்காரர் வந்தால் அரசுக்குத் தெரிவிக்கிற சி ஃபாரம், எல்லாவற்றுக்கும் மேலே ஈ.பி.

போலீஸ் லைசென்ஸ் என்று தனியாக எங்கள் ஊரில் இல்லை. ஆனால் ரெஜிஸ்டர் பார்க்க வருவார்கள். ரெஜிஸ்டர் சுத்தமாக இருந்தால் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

படிக்கட்டு

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மற்றதெல்லாம் இருக்கட்டும், எனக்கு ஒரே கேள்வி. உங்கள் வீட்டு மாடிப்படி எத்தனை அகலம்? டேப் வைத்து அளந்து சொல்லுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

செங்கம்ரோடு

ஐயா, சென்னையில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போது அளக்கிறேன். 3 அடி இருக்கும் என்று நினைக்கிறேன். ஏன் கேட்கிறீர்கள்?

படிக்கட்டு

தேசியக் கட்டட விதித் தொகுப்பில் வீட்டுக்கு 1 மீட்டர் படி போதும். தங்கும் விடுதிக்கு 1.5 மீட்டர், அதாவது 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அரை மீட்டர் வித்தியாசம் ஏன் என்று நிறையப் பேர் கேட்பார்கள். வீட்டில் இருப்பவனுக்கு இருட்டிலும் படி தெரியும். எத்தனையாவது படி உடைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். விடுதியில் தங்குகிறவன் நேற்று ராத்திரி 10 மணிக்கு வந்தவன். கரண்ட் போய்ப் புகை வந்தால் கதவு எந்தப் பக்கம் என்றே அவனுக்குத் தெரியாது. 12 பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், 2 பேர் பெட்டியோடு இறங்குவார்கள்.

2019 பிப்ரவரி 12 அன்று டெல்லி கரோல் பாக்கில் ஒரு ஓட்டலில் விடியற்காலைத் தீ. 17 பேர் இறந்தார்கள். நடைபாதைச் சுவரில் மரப்பலகை, தரையில் கார்ப்பெட். அவசர வழி பூட்டியிருந்தது என்று செய்திகள் வந்தன. அந்த ஓட்டலிடம் தீயணைப்புச் சான்று இருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காகிதம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று இங்கே யாராவது எழுதப்போகிறீர்கள்.

இன்னொன்று. ஜன்னல்களில் கிரில் வைத்து வெல்டிங் அடித்திருக்கிறதா? நம் ஊரில் திருடனுக்குப் பயந்து போடுவது. தீ வந்தால் அதுவே கூண்டு.

கிணத்தடி

நான் அதே ஊர். கிரிவலப் பாதைக்கு மிகப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 31 வருடமாக. மன்னிக்கவும், கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

செங்கம்ரோடு, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உங்களைப் போலவே "6 அறைதானே" என்று ஆரம்பித்தவர்கள்தான் எங்கள் தெருவில் எல்லோரும். பக்கத்து வீடு இப்போது பேர்ப்பலகை இல்லாத லாட்ஜ். பௌர்ணமி அன்று அந்த வீட்டில் 40 பேர் இருப்பார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, வாசலில் கிடந்த செருப்பை என் பேத்தி எண்ணினாள், 76. மறுநாள் காலை 5 மணிக்குத் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்தில்தான் கண் விழிப்பேன். அவர்களுடைய செப்டிக் டேங்க் வீட்டுக்குக் கட்டியது. 5 பேருக்குக் கட்டிய தொட்டி 40 பேருக்கு என்ன செய்யும்? எங்கள் கிணற்றுத் தண்ணீரை இப்போது பாத்திரம் கழுவக்கூட எடுப்பதில்லை.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க இதே கதைதான். மலையடிவாரம் வரை கட்டிக்கொண்டே போய்விட்டோம். 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண்சரிந்து 7 பேர் போனார்களே, அதற்குப் பிறகும் யாருக்கும் பயம் வரவில்லை. லைசென்ஸ் கஷ்டம் என்று அழுகிறார்கள். இன்னும் கஷ்டமாக்க வேண்டும் என்பேன் நான்.

கொடைக்குளிர்

கிணத்தடி அம்மா, (ஐயாவா தெரியவில்லை, மன்னிக்கவும்) உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். பெரிய ஓட்டல்காரன் 60 அறை கட்டினால் அவனுக்கு வக்கீல், ஆடிட்டர், லைசென்ஸ் பார்க்கவே தனி ஆள். அதே 9 காகிதம், அதே 9 ஆபீஸ் 3 அறைக்காரனுக்கும் என்றால் அவன் எங்கே போவான்? சட்டத்தை மீறுவதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம் இல்லையா?

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொடைக்கானலில் எனக்கு 5 அறை விடுதி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வீடு என்று அனுமதி வாங்கி விடுதியாக ஓட்டினேன். தெரு முழுக்க அப்படித்தான் ஓடியது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, அனுமதி மீறிய கட்டடங்களுக்கு சீல் வைக்கச் சொன்ன காலத்தில் என் கட்டடத்துக்கும் சீல் விழுந்தது. உள்ளே பிரிட்ஜில் பால் பாக்கெட், கொடியில் காயப்போட்ட 11 பெட்ஷீட். எதையும் எடுக்க விடவில்லை. பல மாதம் கழித்து ஒரு வாரத்துக்குத் திறந்துவிட்டபோது அந்த பெட்ஷீட்டெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது.

தப்பு என்னுடையதுதான். அதை மறைக்கவில்லை. ஆனால் 8 வருடம் தொழில் வரி கட்டினேன், வாங்கிக்கொண்டார்கள். அப்போது யாரும் "இது வீடாச்சே" என்று கேட்கவில்லை.

வாய்தா

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. கொடைக்குளிர் சொன்னதில் கடைசி வரி முக்கியம். வரி வாங்கிக்கொண்டதால் அனுமதி கொடுத்ததாக ஆகாது. இதை எத்தனை கட்சிக்காரர்களுக்கு விளக்கியிருப்போம் என்று கணக்கே இல்லை. சொத்து வரி ரசீது, ஈ.பி. கார்டு, தொழில் உரிமம் மூன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்து "எல்லாம் பக்கா" என்பார்கள். வரைபட அனுமதி எங்கே என்றால் முழிப்பார்கள். மற்ற எல்லாக் காகிதமும் அதன்மேல் நிற்பவை. அது இல்லாவிட்டால் மற்றவை நிற்காது.

நீலகிரியில் யானை வழித்தடத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 2010இல் அந்த இடத்தை யானை வழித்தடம் என்று அறிவித்து அரசாணை, 2011இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அப்புறம் உச்ச நீதிமன்றம். 2018 ஆகஸ்டில் அங்கிருந்த விடுதிகளுக்கு சீல் வைக்க 48 மணி நேரம்தான் கெடு. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பையே ஏற்றது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழு போட்டு, தனித்தனி ஆட்சேபனைகளை அங்கே சொல்லிக்கொள்ளச் சொன்னது. அங்கே போனவர்கள் பலரிடமும் ஊராட்சி கொடுத்த வீட்டு அனுமதிதான் இருந்தது.

சும்மாகேட்கிறேன்

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். கல்யாணம் ஆகாத ஜோடிக்கு ரூம் கொடுத்தால் லைசென்ஸ் ரத்து ஆகும் என்று ஒரு லாட்ஜில் போர்டே வைத்திருக்கிறார்கள். உண்மையா? நண்பருக்காகக் கேட்கிறேன். (உண்மையாகவே நண்பருக்காகத்தான்!)

வாய்தா

நண்பருக்கு வாழ்த்துகள்.

அப்படி ஒரு சட்டம் இல்லை. இதற்குக் கோயம்புத்தூரிலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. 2019 ஜூனில் அங்கே ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டுக்குத் தாசில்தாரும் போலீசும் போனார்கள். ஒரு அறையில் கல்யாணம் ஆகாத ஜோடி, இன்னொரு அறையில் மது பாட்டில். உடனே சீல். எழுத்து மூலமாக உத்தரவு இல்லை, விளக்கம் கேட்டு நோட்டீஸும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அந்த வருடம் டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வதே குற்றமில்லை, அப்படியிருக்க ஓட்டல் அறையில் சேர்ந்து தங்குவது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று கேட்டார். மது விஷயத்திலும், சொந்த உபயோகத்துக்கு இவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று 1996 விதிகளே அனுமதிக்கின்றன. விடுதிக்காரர் விற்றால்தான் அது வேறு சங்கதி. சீலை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு.

விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில்கூட, ஒரு இடத்தை மூடுவதற்கு முன் காரணம் கேட்டு 7 நாள் அவகாசத்தோடு மாஜிஸ்ட்ரேட் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் பூட்டைப் போட முடியாது.

கல்லாப்பெட்டி

வாய்தா சார் சொன்னது சட்டம். கவுண்டரில் நடப்பதை நான் சொல்கிறேன். தீர்ப்பின் நகலைக் கல்லாவில் வைத்திருந்தாலும், ராத்திரி வந்து நிற்கிற காவலரிடம் அதை நீட்ட எந்த முதலாளிக்கும் தைரியம் வராது. அவருக்கு மறுநாளும் தொழில் நடக்க வேண்டும். அதனால் "ஃபேமிலி ஒன்லி" என்று போர்டு வைத்துவிடுகிறார். அது முதலாளி முடிவு. அதைச் சட்டம் மாதிரி எழுதி வைப்பதுதான் தப்பு. 2025 ஜனவரியில் ஓயோகூட மீரட்டில் ஆரம்பித்து இப்படி ஒரு கொள்கை கொண்டுவந்தது, ஞாபகம் இருக்கலாம்.

இரண்டு பேருடைய அடையாள அட்டையும் வாங்குவேன், இரண்டு பேரும் 18 தாண்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். அதற்குமேல் கேட்க எனக்கு என்ன இருக்கிறது?

ஆதங்கம்77

அடையாள அட்டை என்றதும் ஞாபகம் வந்தது. எல்லா லாட்ஜிலும் ஆதார் ஜெராக்ஸ்தான் கேட்கிறார்கள். ஓட்டல்காரர்கள் ஆதார் நகல் வாங்கக்கூடாது என்று அரசே சொன்னதே?

அப்புறம் இதையும் யாராவது சொல்லுங்கள். 1887 இந்தியன் சீரீஸ் சட்டப்படி எந்த ஓட்டலிலும், 5 ஸ்டார் ஆனாலும், தண்ணீரும் கழிவறையும் யாருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். குடும்ப குரூப்பில் வந்தது.

வாய்தா

முதலாவது, பாதிதான் சரி. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அப்படி ஒரு அறிவிப்பு விட்டது. தியேட்டர், ஓட்டல் மாதிரியான உரிமம் இல்லாத தனியார் நகல் வாங்கக்கூடாது என்று. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களாம். இப்போதும் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுத்தால் போதும். ஆதார்தான் என்று அடம் பிடித்தால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலைத் தரலாம்.

இரண்டாவதுக்குச் சிரிப்புதான் வருகிறது. "சீரீஸ் சட்டம்" என்று ஒன்று இல்லை. உண்மையில் போட்டது 1867 சராய் சட்டம். சராய் என்றால் சத்திரம். யாரோ ஸ்பெல்லிங் மாற்றி, வருடம் மாற்றி, குரூப்பில் போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டம் சொல்வது, சத்திரம் நடத்துகிறவர் மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டிடம் பதிவு செய்ய வேண்டும், அறை, வராந்தா, சாக்கடை, கிணறு எல்லாவற்றையும் சுத்தமாக வைக்க வேண்டும். மீறினால் 20 ரூபாய் அபராதம். வழியில் போகிறவருக்கு 5 ஸ்டார் கழிவறையைத் திறந்துவிடச் சொல்லி அதில் ஒரு வரி இல்லை.

பழையபேப்பர்

சராய் பேச்சு வந்ததால் நுழைகிறேன். எனக்கு இந்தப் பழைய சட்டங்கள் படிப்பது பைத்தியம்.

கிணத்தடி சொன்ன 76 செருப்பு இருக்கிறதே, தங்கும் விடுதிக்கு லைசென்ஸ் வைத்ததற்கு ஒரு காரணமே அந்த மாதிரிக் கூட்டம்தான். 1871இல் ஒடிசாவின் பூரி நகருக்கென்றே ஒரு தங்கும் விடுதிச் சட்டம் போட்டார்கள். ஜெகந்நாதர் தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களை ஒரு அறையில் அடைத்து அடைத்துப் படுக்க வைப்பார்கள். காலரா கிளம்பும். யாத்திரை முடிந்து திரும்புகிறவர்களோடு ஊர் ஊராகப் போகும். அதனால் சுகாதார அதிகாரி வீட்டைப் பார்த்து, இந்த வீட்டில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்று லைசென்ஸில் எண்ணிக்கையையே எழுத வேண்டும் என்று வைத்தார்கள். அறைக் கணக்கு இல்லை, தலைக் கணக்கு.

நம் பக்கத்தில் 1939 பொதுச் சுகாதாரச் சட்டத்தில் தங்கும் விடுதிக்கும், சந்தை, திருவிழாவுக்கும் தனித்தனி அத்தியாயமே இருக்கிறது. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தவர்களுக்குத் திருவண்ணாமலை மாதிரி ஊர்கள் மனதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கிணத்தடி

தலைக் கணக்கு! அதைத்தான் நான் கேட்கிறேன். இன்றைக்கு யார் எண்ணுகிறார்கள்? என் பேத்திதான் எண்ணுகிறாள்.

(நான் அம்மாதான், கொடைக்குளிர்.)

ஹூஸ்டன்காரன்

ரெஜிஸ்டர் பற்றிப் பேசியதால் இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மோட்டல் என்கிற சாலையோர விடுதிகளில் நிறைய குஜராத்திகள் கையில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு உள்ளூர் விதி இருந்தது. விருந்தினர் பெயர், வண்டி எண் எல்லாம் 90 நாள் வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்ட மாத்திரத்தில் காட்ட வேண்டும். மறுத்தால் 6 மாதம் வரை ஜெயில், 1000 டாலர் அபராதம். படேல் என்ற மோட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ரெஜிஸ்டர் வைக்கச் சொல்வது சரி, ஆனால் காட்ட மறுத்தால் ஒரு நடுநிலையான அதிகாரியிடம் முறையிட வாய்ப்பே தராமல் கைது செய்வது சரியில்லை என்று.

இங்கே மோட்டலில் வேலை பார்த்த என் சிநேகிதன் சொல்வான், தீர்ப்பு வந்த பிறகும் அவனுடைய முதலாளி கேட்டவுடனே காட்டிவிடுவாராம். கல்லாப்பெட்டி சொன்ன அதே காரணம்தான்.

கல்லாப்பெட்டி

பார்த்தீர்களா, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எல்லா நாடும் ஒன்றுதான்.

தம்பி செங்கம்ரோடு, ரமணாசிரமம் பக்கம் என்பதால் சி ஃபாரம் பற்றி விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். லாட்ஜுக்கு மட்டும் இல்லை, வீட்டில் தங்க வைத்தாலும், ஆசிரமத்தில் தங்கினாலும். காசு வாங்காமல் நண்பரைத் தங்க வைத்தாலும்கூட. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் வந்து பழைய சட்டங்கள் போய்விட்டன, ஆனால் இந்தக் கடமை போகவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு முதுகில் மூட்டையோடு ஒருவர் வருவார். நீங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி, முகப்பு, விசாப் பக்கம், வந்திறங்கிய முத்திரை மூன்றையும் போட்டோ எடுக்க வேண்டும். முத்திரை பாதி அழிந்திருக்கும். விசா எண்ணில் இருப்பது 'ஓ'வா பூஜ்யமா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். அவர் தூங்கி விழுந்துகொண்டிருப்பார். காலையில் செய்யலாம் என்று விட்டால், காலையில் அவர் கிரிவலம் போயிருப்பார், மத்தியானம் காலி செய்துவிடுவார். அந்த ஒரு ஃபாரம் விட்டுப்போனால் விசாரணை உங்கள் பேரில். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு இதை யாரை வைத்துச் செய்யப்போகிறீர்கள்?

கொடைக்குளிர்

அதே கேள்வியைத்தான் நானும் கேட்க இருந்தேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கை-காலை உணவுத் திட்டம் ஒன்று இருக்கிறது, நாம் ஹோம்ஸ்டே என்கிறோமே அது. 1 முதல் 6 அறை வரை, 12 படுக்கைக்கு மேல் கூடாது. உங்கள் வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஆனால் முதல் நிபந்தனையே வீட்டுக்காரர் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது. தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் ஹோம்ஸ்டே பதிவு இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குச் சாவி கொடுக்க ஒரு ஆளைப் போட்டால் அது ஹோம்ஸ்டே இல்லை, லாட்ஜ்தான். பேர்ப்பலகையில் என்ன எழுதினாலும்.

ஜிஎஸ்டி பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. 1000 ரூபாய்க்குள் இருந்த அறைக்கு வரி இல்லை என்ற காலம் 2022 ஜூலையோடு போயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆப் மூலமாக வருகிற புக்கிங்குக்கு அந்தக் கம்பெனியே வரி கட்டும். அதனால்தான் அந்த ஆள் "நாளைக்கே" என்கிறார், அவருக்கு உங்கள் ஃபைல் தேவையில்லை. சீல் விழுந்தால் அவர் லிஸ்டிங்கை எடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

ஃபேஸ்மூன்று

மின்வாரியத்தில் வேலை. எல்லோரும் ஈ.பி.யைக் கடைசியில் ஒரு வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குத் தெரிந்து சின்ன விடுதிக்காரர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான்.

வீட்டு இணைப்பில் 100 யூனிட் இலவசம் வாங்கிக்கொண்டு அறை வாடகைக்கு விட்டால் மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவு. திருட்டு என்று சொல்லமாட்டோம், "அனுமதி இல்லாத பயன்பாடு". எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதம் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வணிகக் கட்டணத்தின் இரண்டு மடங்கு. 6 ஏசி போட்ட வீட்டுக்கு அது எவ்வளவு வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ரெய்டு எல்லாம் தேவையே இல்லை. ஆள் குடியில்லாமல் மீட்டர் மட்டும் ஏறுகிற வீட்டை ரீடிங் எடுக்கிறவரே கண்டுபிடித்துவிடுவார்.

சும்மாகேட்கிறேன்

இதையெல்லாம் படித்தால் லாட்ஜில் தங்கவே பயமாக இருக்கிறது. நண்பரிடம் சொல்லிவிடுகிறேன்.

செங்கம்ரோடு

எல்லோருக்கும் நன்றி. பதில் போட 3 வாரம் ஆகிவிட்டது. ஊருக்குப் போய்விட்டு வந்தேன்.

படிக்கட்டு ஐயா, டேப் வைத்து அளந்தேன். 2 அடி 9 அங்குலம். ஒரு இடத்தில் அப்பா சுவரோரம் செருப்பு ஸ்டாண்ட் பதித்திருக்கிறார், அங்கே 2 அடி 2 அங்குலம். எல்லா ஜன்னலிலும் கிரில், வெல்டிங் அடித்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வாய்தா சார் எழுதியதைப் படித்துவிட்டு வரைபட அனுமதியைத் தேடினேன். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில், அக்காவின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடைத்தது. நீல மை ஊறி மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. தரைத்தளமும் முதல் மாடியும்தான் அதில் இருக்கிறது. இரண்டாவது மாடி காகிதத்தில் இல்லவே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அக்கா கல்யாணத்துக்கு உறவுக்காரங்க தங்க அவசரமாப் போட்டதுப்பா, அப்பா அப்புறம் அப்ரூவல் வாங்கிக்கலாம்னு சொன்னார்" என்றார்.

வாய்தா

நல்லவேளை நீங்களே பார்த்தீர்கள். இரண்டாவது மாடியை வரன்முறைப்படுத்த முடியுமா என்று உள்ளூர்ப் பொறியாளரிடம் காட்டுங்கள். முடிவு தெரியும்வரை அதைப் பூட்டி வைத்துவிடுங்கள். அதில் ஒரு விருந்தினரைக்கூடத் தங்க வைக்காதீர்கள். தீயோ விபத்தோ நடந்தால் அந்த மாடி ஒன்றே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

படிக்கட்டு

2 அடி 9 அங்குலத்தில் லாட்ஜ் வேண்டாம். முதல் மாடியிலும் வெளியாட்களைத் தங்க வைக்காதீர்கள். செருப்பு ஸ்டாண்டை இன்றைக்கே பெயர்த்துவிடுங்கள், யாரும் தங்காவிட்டாலும்.

கிணத்தடி

செங்கம்ரோடு, நான் முதலில் எழுதியது கொஞ்சம் கடுமைதான். உங்கள் செப்டிக் டேங்க் எத்தனை பேருக்கு?

செங்கம்ரோடு

மேஸ்திரியை வரவழைத்துத் திறந்து பார்த்தேன் அம்மா. 6 பேருக்குப் போதும் என்றார், 8 பேர் தாங்காதாம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், லாட்ஜ் கனவு முடிந்தது. அம்மாவுக்குச் சென்னை பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், வாய் திறந்து சொன்னதில்லை. இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். "நான் அங்க இருந்தா ஹோம்ஸ்டேதானே?" என்று கேட்டார். தை மாதம் போகிறேன் என்கிறார். அவர் இருக்கப்போவது முதல் மாடியில். தரைத்தளத்தில் 2 அறை, தனித்தனிக் கழிவறையோடு, அதிகபட்சம் 4 பேர். சுற்றுலாத் துறைப் பதிவு வந்த பிறகுதான் ஆரம்பிக்கப்போகிறோம். சி ஃபாரத்தை அம்மா போட்டோ எடுத்து அனுப்பினால் நான் இங்கிருந்து ஏற்றிவிடுவேன்.

புக்கிங் கம்பெனிக்காரர் நேற்றும் கூப்பிட்டார். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஃபேஸ்மூன்று

ஆரம்பிப்பதற்கு முன்னால் எங்கள் ஆபீஸில் கேட்டு, அந்த 2 அறைக்கு எந்தக் கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். தனி மீட்டர் வைத்துவிட்டால் அம்மாவுடைய 100 யூனிட்டுக்கும் வில்லங்கம் வராது. மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கல்லாப்பெட்டி

நல்ல முடிவு தம்பி. ரெஜிஸ்டருக்குப் பெரிய நோட்டாக வாங்குங்கள், பக்க எண் அச்சடித்தது. நடுவில் பக்கம் கிழிபட்டால் தெரிய வேண்டும். வந்த நேரமும் போன நேரமும் அவர்கள் கையாலேயே எழுதட்டும். அம்மாவை எழுத வைக்காதீர்கள், கண்ணாடி தேடுவதற்குள் ஆள் அறைக்குள் போய்விடுவான்.

படிக்கட்டு

கிரில்?

செங்கம்ரோடு

தரைத்தள அறை இரண்டிலும் ஒவ்வொரு ஜன்னலில் கிரில்லை அறுத்து, உள்ளே இருந்து திறக்கிற மாதிரி கீல் வைக்கச் சொல்லியிருக்கிறேன் ஐயா. பூட்டு வேண்டாம், கொண்டி மட்டும். ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வருகிறார்.